நூல் எங்கே இருக்கிறது?

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுக்கோத்து எடுத்த தாளில் கண்ணை ஓட்டி, காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பார். படிப்பவருக்கு ‘காப்பி ஹோல்டர்’ என்று பெயர். சென்னையில் கையால் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தில் அந்த வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து திருத்தியவர் புலவர் பட்டம் பெற்ற பெரியவர். எல்லோரும் அவரைப் புலவர் ஐயா என்றே அழைத்தோம்.

சேர்ந்த புதிதில் ஒரு சிறுகதையைப் படிக்கும்போது உரையாடல் வந்த இடத்தில் குரலை ஏற்றி இறக்கினேன். புலவர் ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார். “பாவம் சேர்க்காதே தம்பி. எழுத்தைப் படி. நீ அழுதா எனக்கு ஒற்று காதுல விழாது” என்றார். அதன்பின் கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி, பத்தி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிப் படிக்கப் பழகினேன். வல்லின ஒற்று வரும் இடங்களை அழுத்திச் சொல்வேன். ‘வேலை கொடுத்தான்’ என்றால் ஒருவனுக்குப் பிழைப்பு கிடைத்தது. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் அவன் கைக்கு ஓர் ஆயுதம் வந்தது. இடையில் நிற்பது ஒரு ‘க்’ மட்டும்.

அந்த அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு கேள்வி ஊறியது. நாங்கள் எதைக் காப்பாற்றுகிறோம்? தாளை அல்ல, அது அச்சகத்தின் தாள். மையும் இல்லை. ஆசிரியரின் கையெழுத்துப்படியும் இல்லை. கடைசி மெய்ப்பு முடிந்து அச்சேற்ற ஒப்புதல் கொடுத்ததும், யாரும் கேட்டு வாங்கிப் போகாத கையெழுத்துப்படிகள் பழைய தாள் மூட்டைக்குள் போய்விடும். எழுதியவர்களே அதைப் பெரிதாக நினைத்ததில்லை, புத்தகம்தான் வந்துவிட்டதே. ஓர் ஓவியரிடம் போய், உங்கள் ஓவியத்தை நன்றாகப் படமெடுத்து ஆயிரம் படி அச்சடித்துவிட்டோம், இனி அந்தத் துணி எதற்கு, எடைக்குப் போட்டுவிடுகிறோம் என்று சொல்ல முடியுமா? ஓவியத்துக்குச் செய்தால் கொலையாகும் காரியம் இலக்கியத்துக்கு அன்றாட நடைமுறை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இதே கேள்வியைக் கேட்டு ஒருவர் முழு நூலே எழுதியிருக்கிறார் என்பதை, தம்முடைய புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு தத்துவப் பேராசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் குறிப்பிட்டவர் அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெறுவதற்கு முன்பே பாஸ்டன் நகரில் ஓவியக்கூடம் நடத்தியவர். கலையின் மொழிகள் பற்றி 1968இல் வெளியிட்ட நூலில் அவர் கலைகளை ஒரே ஓர் எளிய சோதனையால் இரண்டாகப் பிரிக்கிறார். அதைப் போலி செய்ய முடியுமா என்பதே சோதனை.

ஓவியத்தைப் போலி செய்யலாம். ஹான் வான் மீகெரன் என்ற டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் ஓவியங்கள் தீட்டி விற்றார். அவற்றில் ஒன்றை 1937இல் பெயர்பெற்ற நிபுணர் ஒருவரே உண்மையான வெர்மீர் என்று போற்ற, ராட்டர்டாம் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்னொன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போனது. நாட்டின் செல்வத்தைப் பகைவனுக்கு விற்றதாக 1945இல் வான் மீகெரனைக் கைது செய்தபோது, அது வெர்மீர் இல்லை, நான் தீட்டியது என்று ஒப்புக்கொண்டார். அதை நிரூபிக்கக் காவலில் இருந்தபடியே இன்னொன்றைத் தீட்டியும் காட்டினார்.

இப்போது குறுந்தொகையைப் போலி செய்யுங்கள் பார்க்கலாம். எழுத்துக்கு எழுத்து சரியாகப் படியெடுத்தால் அது குறுந்தொகையேதான். எழுத்து பிசகினால் அது பிழையுள்ள குறுந்தொகை. போலி என்ற மூன்றாவது நிலைக்கு இடமே இல்லை. பழைய பாட்டு என்று சொல்லிப் புதிதாக ஒன்றை எழுதி ஏமாற்றலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் பாட்டுக்குக் கள்ளப்படி கிடையாது. ஓவியத்தில் எந்தக் கை தீட்டியது என்பதே கேள்வி. இலக்கியத்தில் எழுத்து ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி. குட்மன் சொன்ன ‘ஒரே எழுத்து வரிசை’ என்ற அந்த அளவுகோலைத்தான் நானும் புலவர் ஐயாவும் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அன்று புரிந்தது. நாங்கள் பார்த்தது குமாஸ்தா வேலை என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. ஒரு படைப்பு அதே படைப்பாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அது.

இந்தத் தீர்ப்பின் கனத்தை உணரப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போக வேண்டும். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. பூப் பறிக்கும் ஆள்கள், மீன், அன்னம், யானை எல்லாம் அதில் உண்டு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. அதில் சுதை உதிர்ந்துபோன இடங்களும் உண்டு. அங்கே என்ன இருந்தது என்பதை இனி எந்தச் சுவரும் சொல்லாது. வேறோர் ஊரில் அதன் இன்னொரு படி கிடைக்கும் என்று தேடிப்போக வழியில்லை.

குறிஞ்சிப்பாட்டிலும் அப்படி உதிர்ந்த ஓர் இடம் இருந்தது. கபிலர் வரிசையாகப் பூக்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பகுதியில், உ. வே. சாமிநாதையர் வைத்திருந்த ஏடுகளில் சில பெயர்கள் சிதைந்திருந்தன. பத்துப்பாட்டைப் பதிப்பிக்கப் பாடுபட்ட அந்த நாள்களில் அவர் தேடி அலைந்து, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அந்தப் பெயர்களைக் கண்டெடுத்தார். அதை ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889இல் அச்சானபோது அந்தப் பூக்கள் தத்தம் இடத்தில் இருந்தன. ஒட்டுப்போட்ட பூக்கள் என்றோ, பின்னால் வந்தவர் தீட்டிய பூக்கள் என்றோ அவற்றை யாரும் சொல்ல முடியாது. கபிலரின் பூக்கள்தாம் அவை. ஓர் ஓலையில் அழிந்தது இன்னோர் ஓலையில் முழுதாக உயிரோடு இருந்தது. ஓவியம் ஓரிடத்தில் இருக்கிறது, அந்த இடம் போனால் அதுவும் போகிறது. பாட்டு இருக்கும் இடம் எது? உ. வே. சா.வின் ஏட்டிலா, தருமபுரத்திலா, நீங்கள் வாங்கிய பதிப்பிலா? எல்லாவற்றிலும் முழுதாக இருக்கிறது. ஏதேனும் ஒன்றில் மட்டும் இருப்பதில்லை.

முத்தொள்ளாயிரத்தைப் பாருங்கள். அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவே இல்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர் எடுத்து வைத்துக்கொண்ட பாடல்கள் மட்டும் நூற்றைத் தாண்டி நம் கைக்கு வந்தன. வேறொரு நூலுக்குள் குடியிருந்து பிழைத்த பாடல்கள். ஓர் ஓவியமோ சிற்பமோ இப்படிப் பிழைக்க முடியுமா? வளையாபதிக்கு அந்த அளவு பாக்கியம்கூட இல்லை, சில்லறையாகச் சில செய்யுள்கள்தாம் மிச்சம். இலக்கியம் சாகாது என்று மேடையில் முழங்குபவர்களை நான் ஏற்பதில்லை. கடைசிப் படி போனால் இலக்கியமும் போகும். அந்தக் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியாது.

இசையின் கதை இன்னும் நெருடலானது. தமிழ் மரபு இயல், இசை, நாடகம் மூன்றையும் சேர்த்தே முத்தமிழ் என்றது. இலக்கியம் தனியாக ஓர் ஆசனத்தில் ஏறி உட்காரவில்லை. பரிபாடல் அதற்குச் சான்று. பல பாடல்களின் கீழே பாடிய புலவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்கள். பெட்டனாகனார், கண்ணனாகனார் என்று இசை வகுத்தவர்கள். அவர்கள் என்ன மெட்டமைத்தார்கள்? தெரியாது. 1918இல் உ. வே. சா. பரிபாடலை அச்சிட்டபோது சொல் வந்து சேர்ந்தது, பண்ணின் பெயர் வந்து சேர்ந்தது, பாட்டு வந்து சேரவில்லை. எழுத்தில் ஏறியது தப்பியது. குரலிலிருந்து குரலுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது எங்கோ அறுந்துவிட்டது.

இசையை எழுத்தில் ஏற்ற நம் நாட்டில் யாரும் முயலாமல் இல்லை. சித்தன்னவாசலுக்குப் பக்கத்தில் குடுமியான்மலையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கல்வெட்டு பாறை நிறைய இசை எழுத்துகளைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் நான்கு விதமான உயிரொலியோடு செதுக்கியிருக்கிறார்கள். எழுத்துகளைப் படித்துவிடலாம். அந்த உயிரொலி வேறுபாடு எதைக் காட்டுகிறது, எப்படி இசைப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. எழுத்து எஞ்சியிருப்பது போதாது. அதைப் படிக்கும் பழக்கமும் எஞ்சியிருக்க வேண்டும். குகையில் ஓவியமும் மலையில் இசையுமாக ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கலைத்தத்துவம் பயிலும் மாணவர்களை முதலில் அங்கே அழைத்துப்போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இதுவரை சொன்னதில் எழுத்து என்பது ஐயத்துக்கு இடமில்லாத பொருள் என்ற நம்பிக்கை இருக்கிறது. குட்மன் அப்படித்தான் கருதினார். ஒவ்வொரு குறியும் ஓர் எழுத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், அதுவா இதுவா என்ற தடுமாற்றம் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் சொன்னதாக இருக்கலாம். தமிழ் ஓலைச்சுவடி அந்த நிபந்தனைக்கு அடங்காது.

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்டவில்லை. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த மாற்றம் பரவிய பிறகுதான் இரட்டைக்கொம்பும் ஏகாரத்தின் கீழ்க்கோடும் நிலைபெற்றன. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, அடி பிரிப்பதில்லை. ஆகவே ஓலையில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்று. நெருப்பா நீரா என்பதைக் கண் சொல்லாது. ‘நாகம்’ என்று எழுதினாலும் ‘நரகம்’ என்று எழுதினாலும் எழுத்தாணி ஒரே கோடுகளைத்தான் கீறும்.

அப்படியானால் அந்தப் பாட்டு எப்படி அதே பாட்டாக நூற்றாண்டுகளைக் கடந்தது? புலவர் ஐயா இதற்குத் தந்த விளக்கம் எந்தத் தத்துவ நூலிலும் நான் காணாதது. “ஏட்டுக்குப் பிழைதிருத்துநர் யாப்புதான் தம்பி” என்பார். ‘எரி’ நிரையசை. ‘ஏரி’ இரண்டு நேரசை. சீரும் தளையும் இதைத் தேர்ந்துகொடுக்கும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் போதாது, முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவும் ஒக்க வேண்டும். பக்கத்து அடியில் குறில் என்று உறுதியானால் இங்கேயும் குறில். ஏட்டில் இல்லாத புள்ளியைச் செவி வைத்தது. யாப்பும் கைவிடும் இடத்தில் பொருள் பார்க்க வேண்டும், உரைகாரர் எப்படிக் கொண்டார் என்று பார்க்க வேண்டும், சமய மரபைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிடுவதற்கு முன் உ. வே. சா. குடந்தையில் சமணர்களிடம் போய்ப் பாடம் கேட்டது அதற்காகத்தான். அவருடைய பதிப்புகளில் அடிக்குறிப்பாக வரும் பிரதிபேதங்களைப் பார்த்தால் அவருடைய நேர்மை விளங்கும். நான் இதைத் தேர்ந்தேன், ஏடுகளில் இப்படியும் இருக்கிறது, நீயும் யோசித்துப் பார் என்று வாசகனுக்கு இடம் விட்டிருக்கிறார்.

எழுத்து ஒத்திருந்தால் படைப்பு அதுவே என்று குட்மன் சொன்னது சரி. ஆனால் எழுத்து எது என்பதையே ஒருவர் தம் படிப்பாலும் செவியாலும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இலக்கியத்துக்குப் பருப்பொருள் இல்லை என்பதால் அது தானாக நிற்கும் என்று நினைக்கக் கூடாது. கல் தானாக நிற்கும். இலக்கியத்தை ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ நிறுத்த வேண்டும்.

ஏட்டுக்கால விவகாரம் இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். என் வேலைக்காலத்திலேயே எழுத்து மாறியது. பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. தும்பிக்கை போட்ட லை, ளை, ணை, னைகளும், சுழித்து எழுதிய றா, னா, ணாக்களும் அச்செழுத்துகளை வைத்திருக்கும் கேஸ் பெட்டிகளிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறின. கம்பாசிட்டர்களுக்கு அறை அறையாகப் பழகிய கை மாற வேண்டியிருந்தது. பழைய எழுத்தில் கோத்த ஒரு நாவலைப் புதிய எழுத்தில் மறுபடி கோத்தோம். பழைய வடிவத்தோடு ஒத்துவராத சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. நாவல் மாறியதா? துளியும் இல்லை. வடிவம் வேறு, எழுத்து வேறு என்பதை அந்த ஆணை எனக்குக் கண்ணெதிரே காட்டியது.

சந்தி பிரிப்பது அப்படிப்பட்டதா? 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். படிக்கத் தெரிந்த எவரும் சங்கப் பாட்டை அணுக வழி திறந்த பெரும்பணி அது. சந்தி பிரித்தால் ஓசை தடைபடும், அசை கணக்கு மாறும். ஆனால் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவன் சேர்த்துக்கொள்வான். மீட்க வழியுள்ள மாற்றம் என்பதால் அதை நான் ஏற்கிறேன். மீட்க வழியில்லாத மாற்றங்களையே எதிர்க்கிறேன்.

அவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, புதுக்கவிதையின் வரியை உடைப்பது. வெண்பாவைத் தொடர்ந்து ஓட்டி எழுதினாலும் தளை பார்த்து அடி பிரித்துவிடலாம். புதுக்கவிதையில் வரி எங்கே நிற்கிறது என்பதற்கு அந்தப் பக்கத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. பத்தியின் அகலம் போதவில்லை என்று கடைசிச் சொல்லைக் கீழே தள்ளினால் கவிஞர் எழுதாத ஒரு வரி பிறந்துவிடுகிறது. அடுத்த பதிப்பில் அதைப் பார்த்துக் கோப்பவருக்கு அதுவே மூலம்.

இரண்டாவது, வட்டார வழக்கைத் திருத்துவது. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சை உரையாடலில் மட்டும் வைத்து நிறுத்தவில்லை, கதை சொல்லும் குரலுக்கே அதைக் கொடுத்தார். கரிசல் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். அந்த எழுத்து பிழையாகத் தோன்றும் கண்கள் உண்டு. பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்பை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். பாட்டி பேசும் இடங்களில் எல்லாம் யாரோ இலக்கணத் தமிழாக மாற்றியிருந்தார்கள். கதை அதே கதை, நிகழ்ச்சி ஒன்றும் குறையவில்லை. பாட்டி மட்டும் இல்லை. அந்த ஆசிரியர் அப்போது உயிரோடு இல்லை. ஓவியத்தின்மேல் வேறொருவர் வண்ணம் பூசினால் நாடே கொதிக்கும். புத்தகத்துக்குள் அது நடந்தால் யாருக்கும் தெரிவதில்லை, அட்டை புதிதாக இருக்கிறது என்று வாங்கிப் போகிறோம்.

எழுத்து மாறாமல் இருந்தால் போதுமா என்ற கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ். 1939இல் அவர் எழுதிய கதையில் பியேர் மெனார் என்ற 20ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், செர்வாண்டிஸின் ‘டான் கிஹோத்தே’யின் சில அத்தியாயங்களைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தாமாக எழுதுகிறார். படியெடுக்கவில்லை, தம் சிந்தனையிலிருந்தே எழுதுகிறார். செர்வாண்டிஸின் முதல் பாகம் வந்தது 1605இல். எழுத்து ஒன்று, காலம் வேறு. இது ஒரே படைப்பா, இரண்டா? கலைத்தத்துவவாதி ஆர்தர் டான்டோ, 1981இல் வெளியான நூலில், இரண்டு படைப்புகள்தாம் என்று வாதிட்டார். யார், எப்போது, எதற்கு நடுவே எழுதினார் என்பது படைப்பின் பகுதி என்பது அவர் கட்சி. குட்மன் கேத்தரின் எல்கினோடு சேர்ந்து 1986இல் இதை மறுத்தார். மெனார் செய்தது அதே பனுவலின் இன்னொரு படி, அவ்வளவுதான் என்றார்.

இந்த வழக்கில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மெய்ப்பு மேசையில் நான் குட்மன் பக்கம். யார் எழுதியிருந்தாலும் எழுத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசகனாகப் படிக்கும்போது டான்டோ சொல்வதுதான் உண்மை. புதுமைப்பித்தனின் கதை 1930களின் இதழில் வந்தது என்று அறிந்து படிப்பதும், நேற்று எழுதியது என்று நினைத்துப் படிப்பதும் ஒன்றாகாது. அவருடைய கோபம் யார்மேல், எந்த எழுத்துநடையை அவர் உடைக்கிறார் என்பது காலம் தெரிந்தால்தான் காதில் விழும். 2000இல் வந்த புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுப்பில் ஆ. இரா. வேங்கடாசலபதி கதைகளைக் காலவரிசைப்படுத்தி, இதழில் வந்ததற்கும் நூலில் வந்ததற்கும் உள்ள பாட வேறுபாடுகளையும் கொடுத்தார். எழுத்தும் காலமும் இரண்டுமே படைப்பு என்பதை அந்தப் பதிப்பு வாதம் செய்யாமல் செயலில் காட்டியது. சீனி. விசுவநாதன் பாரதிக்குச் செய்த காலவரிசைப் பதிப்பும் அந்த வகையைச் சேர்ந்தது. இருவருக்கும் தமிழ் வாசகர்களாகிய நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

கலைகளில் இலக்கியத்துக்கு எந்த இடம் என்ற கேள்விக்கு ஹெகல் ஒரு பெரிய விடை சொன்னார். கட்டடக்கலையில் தொடங்கி, சிற்பம், ஓவியம், இசை என்று ஏறிக் கவிதையை உச்சியில் வைத்தார். கல்லின் பாரம் குறையக் குறைய மனம் வெளிப்படுகிறது, கவிதையில் ஒலிகூட வெறும் குறியாகிவிடுகிறது என்பது அவர் காரணம். பெர்லினில் அவர் ஆற்றிய அந்த உரைகளை அவர் மறைவுக்குப் பின் ஹோத்தோ என்ற மாணவர் குறிப்பேடுகளிலிருந்து தொகுத்து 1835 முதல் வெளியிட்டார். அதில் எது ஹெகலின் சொல், எது தொகுத்தவர் சொல் என்று இன்னும் ஆராய்கிறார்கள். கவிதையை உச்சியில் வைத்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஒலி வெறும் குறி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகள் உரக்கப் படித்தவனின் மறுப்பு இது.

பாவம் சேர்க்காமல், கமா புள்ளி என்று குறுக்கே வெட்டி வெட்டிப் படித்தபோதும் நல்ல எழுத்து புலவர் ஐயாவின் கையை நிறுத்திவிடும். பேனா காற்றில் நிற்கும். அடுத்த வரியைப் படிக்கச் சொல்ல ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் எங்கள் இருவருக்கும் இடையே நடந்தது என்ன? கருத்து மட்டும் கடந்து போகவில்லை. ஒலி தன் வேலையைச் செய்தது. மிலான் நகர ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் படிப்பதைக் கண்டு வியந்ததை அகஸ்தீன் தம் ஒப்புதல் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் படிப்பு என்றாலே பெரும்பாலும் வாய்விட்டுப் படிப்பதுதான். நம் மரபிலோ நூல் என்பது அரங்கேறியது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. கேட்கப்பட்ட பிறகுதான் நூல் நூலானது.

பீட்டர் கிவி என்ற தத்துவவாதி 2006இல் எழுதிய நூலில், மௌனமாகப் படிப்பதும் ஒரு நிகழ்த்துதலே என்கிறார். இசைக் குறிப்பைப் பார்த்தே மனத்துக்குள் இசையைக் கேட்பவர்கள் இருப்பதுபோல, நாவல் படிப்பவரும் மனத்துக்குள் அதைச் சொல்லிக் காட்டுகிறார், பாடகரும் அவரே, அவையும் அவரே. காப்பி ஹோல்டர் வேலை பார்த்த எவரும் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். நான் விலக்கி வைத்த பாவத்தை ஒவ்வொரு வாசகரும் தம் வீட்டில் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தடையில்லாமல் எழுத்தைச் சேர்ப்பித்தால் போதும் என்பதுதான் புலவர் ஐயா எனக்கு விதித்த கட்டுப்பாட்டின் பொருள் என்று இப்போது புரிந்துகொள்கிறேன். இதனால்தான் இயலையும் இசையையும் நாடகத்தையும் ஒன்றாக வைத்த நம் முன்னோர் ஹெகலைவிடச் சரியாகச் சொன்னார்கள் என்பது என் தீர்ப்பு. கவிதை உச்சியில் இல்லை, மற்ற இரண்டின் நடுவே நின்று இரண்டையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது.

கேஸ் பெட்டி போய் டிடிபி வந்தது. காப்பி ஹோல்டர் என்ற வேலையே மறைந்தது. திரையைப் பார்த்துத் தனியாகத் திருத்துகிறார்கள். பழைய நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருள் கொண்டு எழுத்தாக மாற்றி, மின்னூலாகவும் வெளியிடுகிறார்கள். காலும் ரகரமும் அங்கேயும் குழம்புகின்றன. ஓலையின் பழைய சிக்கல் புதிய கருவியில் திரும்பி வந்திருக்கிறது. நூல்கள் நாட்டுடைமையானதால் யாரும் அச்சிடலாம் என்ற நல்ல நிலை உண்டாகியிருக்கிறது. ஆனால் எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டார்கள் என்று சொல்லும் பழக்கம் உண்டாகவில்லை. ஒரே நாவலுக்குச் சந்தையில் ஐந்தாறு பதிப்புகள் கிடைக்கின்றன. ஒன்றில் இருக்கும் பத்தி இன்னொன்றில் இல்லை.

பதிப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பழைய நூலை மறுபடி வெளியிடும்போது, பதிப்புரிமை விவரம் போடும் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள்: இந்தப் பாடம் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அதில் எதை மாற்றினோம். சந்தி பிரித்தால் பிரித்தோம் என்று போடுங்கள். எழுத்துமுறையை மாற்றினால் அதையும் போடுங்கள். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா வாங்கிய பழைய பதிப்பு ஏதாவது இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கடையில் வாங்கிய புதிய பதிப்பை அதன் பக்கத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, ஓர் அத்தியாயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்டால் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.